இசைத்தமிழுக்கு இல்லத்தையே ஈந்த ஆபிரகாம் பண்டிதர்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை, மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடமென மரபு போற்றும் ஊராகும். அவருக்கு அங்கே தனிக்கோயிலும் உண்டு. மார்கழி வைகறையில் அப்பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. பாடல்கள் நாவினில் வாழ்ந்தன. ஆனால் பழந்தமிழ் இசையின் இலக்கணமோ சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் பொருள் விளங்காது புதைந்து கிடந்தது. அதனை அகழ்ந்தெடுக்க முயன்று, தம் சொந்தப் பொருளால் அச்சேற்றித் தமிழர் கையில் தந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஆவார்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே பணியாற்றினார். இசையின் தொடக்கப் பாடங்களையும் அவ்வூரிலேயே கற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவம் பயின்றார் என்பர். பின்னர் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளுடன் பெண்கள் பள்ளியொன்றில் கற்பித்தார். நாளடைவில் ஆசிரியப் பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். அவருடைய கருணாநிதி வைத்தியசாலையின் மருந்துகள் பெரும் புகழும் செல்வமும் ஈட்டித் தந்தன.

செல்வம் சேர்த்தோர் பலர். அதனை அவர் செலவிட்ட வழியே அவரை நாம் நினைக்கச் செய்கிறது. இசைநூல் பதிப்பு அக்காலத்திலும் ஒரு வாணிகமாக நடைபெற்று வந்தது. பாட்டுப் புத்தகம் விற்றுப் பொருள் ஈட்டிய குடும்பங்கள் உண்டு. பண்டிதர் இல்லத்திலோ மருந்து விற்ற பொருள் இசைநூலாயிற்று. சென்னை மாகாண ஆளுநராயிருந்த லாலியின் பெயர் தாங்கிய மின் அச்சகமொன்றைத் தஞ்சையில் நிறுவினார். இசை பயிலத் தொடங்குவோர் பிறமொழிப் பாடல்களையே நம்பியிருந்த நிலையை மாற்ற, தமிழிலேயே கீதங்களும் கீர்த்தனங்களும் இயற்றிக் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என 1907இல் வெளியிட்டார். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார்.

ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்பது சார்ங்கதேவரின் வடமொழி நூல் வழிவந்த கொள்கை. சிலப்பதிகார உரை கூறும் ஆயப்பாலை முதலிய முறைகளைக் கணக்கிட்ட பண்டிதர், வட்டப்பாலையின்படி அவை 24 என நிறுவ முற்பட்டார். அறிஞர் சிலர் இதனை ஏற்றனர்; சிலர் மறுத்தனர். முடிவு எதுவாயினும், தமிழிசைக்குத் தனி இலக்கணம் உண்டு என்ற வினாவை இனி எவரும் புறக்கணிக்க இயலாதவாறு அவர் எழுப்பிவிட்டார் என்பதே நம் கருத்து.

இங்கு நம் மாணவியர் மனங்கொள்ள வேண்டிய செய்தியொன்று உண்டு. 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைத்தபோது, அவையினர்முன் அதனை இசைத்துக் காட்டியவர்கள் அவருடைய மகள் மரகதவல்லியும் துணைவியார் பாக்கியம்மாளும் எனக் கூறுவோரும், மகளிர் இருவர் எனக் கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், பெண்கள் பொது அவையேறத் தயங்கிய அந்நாளில் அவ்வில்லத்துப் பெண்களே அவர்தம் ஆய்வுக்குச் சான்றாக நின்றனர். கல்வியை ஆண், பெண் இருபாலார்க்கும் கடமையாக்கிய மார்க்கத்தைச் சார்ந்த நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவரோடு அப்பணி மறையவில்லை. எஞ்சிய ஆய்வு, மகள் மரகதவல்லி துரைபாண்டியனின் முயற்சியால் 1946இல் இரண்டாம் நூலாக வெளிவந்தது. மகன் வரகுண பாண்டியன் யாழைப் பற்றி ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ என்னும் நூலை 1950இல் வெளியிட்டார். தந்தை விட்டுச்சென்ற சொத்துகளுள் முடிவுறாத ஆய்வையும் ஒன்றாகக் கருதிய மக்கள் இவர்கள்.

கிறித்தவர் ஒருவர், சமண முனிவர் இயற்றியதெனப் போற்றப்படும் காப்பியத்தைத் துருவி, சைவத் திருமுறைகள் வாழவைத்த பண்களின் வேரைத் தேடினார். தமிழ் எவருடைய தனியுடைமையும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சீறா தந்த உமறுப்புலவரையும் குணங்குடியாரையும் தமிழுக்கு வழங்கிய நம் சமுதாயத்திற்கும் இவ்வுரிமையும் கடமையும் உண்டு. நம் முன்னோர் இயற்றிய இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களின் மெட்டுகள் பாடுவோர் குறையக் குறைய மறைந்து வருகின்றன. அவற்றைக் கேட்டு எழுதிப் பதிவு செய்ய முன்வருவோர் நம் மாணவருள் ஒருவரேனும் எழுந்தால், பண்டிதர் வாழ்வை நாம் கற்றதன் பயன் அதுவே ஆகும்.