முதல் நிமிடத்தின் வைத்தியர்: வேர்ஜீனியா அப்கார்

நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தால் வாப்பா அதன் காதில் பாங்கு சொல்வார். ஆனால் அந்தக் குழந்தை வாப்பாவின் கைக்கு வருமுன்பே அதற்கு ஒரு பரீட்சை நடந்து முடிந்திருக்கும். பிறந்து ஒரு நிமிடத்தில் ஒரு தடவையும், ஐந்து நிமிடத்தில் மறு தடவையும் அதற்குப் புள்ளி இடுவார்கள். மொத்தப் புள்ளிகள் 10. இலங்கை உட்பட உலகின் பிரசவ அறைகள் பலவற்றிலும் இடப்படும் இந்தப் புள்ளிக்கு அப்கார் புள்ளி என்று பெயர். அது ஒரு பெண் வைத்தியரின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வேர்ஜீனியா அப்கார் 1909 ஜூன் 7ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள வெஸ்ட்ஃபீல்ட் என்னும் ஊரில் பிறந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள், இவரே கடைக்குட்டி. மூத்த சகோதரர் சிறு வயதிலேயே காசநோயால் இறந்து போனார். மற்றைய சகோதரர் நீண்டகால நோயோடு வாழ்ந்தார். காப்புறுதித் தொழில் செய்த தந்தையோ ஓய்வு நேரங்களில் விஞ்ஞானப் பரிசோதனைகளில் ஈடுபடுபவர். நோயும் விஞ்ஞானமும் ஒரே வீட்டில் இருந்ததால் வைத்தியராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இளமையிலேயே வேரூன்றியது.

மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்றபோது புலமைப்பரிசிலோடு பல பகுதிநேர வேலைகளும் செய்தே செலவைச் சமாளித்தார். ஆய்வுகூடத்துக்குப் பூனை பிடித்துக் கொடுப்பதும் அந்த வேலைகளில் ஒன்று! 1929இல் நியூ யோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. கடன் வாங்கிப் படித்த அப்கார், 1933இல் தன் வகுப்பில் நான்காம் இடத்தில் சித்தியெய்தினார்.

அவருடைய கனவு சத்திரசிகிச்சை நிபுணராவது. அதற்கான பயிற்சியையும் திறமையாகவே செய்தார். ஆனால் அவருடைய பேராசிரியரான அலன் விப்பிள் வேறு வழியைக் காட்டினார். தாம் பயிற்றுவித்த பெண்கள் சத்திரசிகிச்சைத் துறையில் நிலைக்க முடியாமற் போனதை அவர் கண்டிருந்தார். ஆகவே மயக்கமருந்துத் துறைக்குச் செல்லுமாறு ஆலோசனை கூறினார். அக்காலத்தில் மயக்கமருந்து கொடுப்பது பெரும்பாலும் தாதியரின் வேலை; அதனை ஒரு தனித் துறையாகவே பல வைத்தியர்கள் மதிக்கவில்லை. கையில் கடன், எதிரே மூடிய கதவு. அப்கார் அந்தப் புதிய துறையை ஏற்றுக்கொண்டு விஸ்கொன்சினிலும் நியூ யோர்க்கிலும் பயிற்சி பெற்றார். 1938இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கமருந்துப் பிரிவின் தலைமையை ஏற்றார்.

பதினொரு ஆண்டுகள் அப்பிரிவை வளர்த்தெடுத்தார். 1949இல் அது தனித் துறையாக உயர்ந்தபோது தலைமைப் பதவி ஓர் ஆணுக்கு வழங்கப்பட்டது. அப்கார் பேராசிரியரானார், அந்த வைத்தியக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதற் பெண் அவரே. எனினும் தான் கட்டிய வீட்டின் திறப்பு வேறொருவர் கைக்குப் போனது அநீதிதான். அவர் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. பிரசவ அறையின் பக்கம் தன் கவனத்தைத் திருப்பினார்.

அங்கே அவர் கண்டது என்ன? பிரசவம் முடிந்ததும் எல்லோரும் தாயைக் கவனிப்பார்கள். குழந்தை நீலம் பாரித்து மூச்சுத் திணறினால், அது பிழைக்காது என்று கருதிக் கைவிடும் நிலையும் இருந்தது. எந்தக் குழந்தைக்கு உடனடி உதவி தேவை என்று தீர்மானிக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் இருக்கவில்லை.

ஒரு நாள் வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மாணவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டாராம். அப்கார் கைக்கெட்டிய ஒரு தாளை எடுத்து ஐந்து விடயங்களை எழுதிக் காட்டினார் என்பார்கள். இதயத்துடிப்பு, சுவாசம், தசைகளின் இறுக்கம், தூண்டும்போது காட்டும் துலங்கல், உடலின் நிறம் ஆகியவையே அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி. உதாரணமாக, இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் 2; அதற்குக் குறைந்தால் 1; துடிப்பே இல்லையென்றால் 0. கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் என்றால் குழந்தை நலம். 4க்குக் கீழே என்றால் உடனடிச் சிகிச்சை தேவை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் கையும் ஒரு கடிகாரமும் போதும்.

1952இல் இம்முறையை வைத்தியர் மாநாட்டில் முன்வைத்து, 1953இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். புள்ளி இடவேண்டும் என்பதற்காகவே எல்லோரும் குழந்தையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்ததால் உதவினார்கள், உதவியதால் குழந்தைகள் பிழைத்தன. பின்னர் 12 நிறுவனங்களில் 17,221 குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட பெரும் ஆய்வு, அப்புள்ளி குழந்தையின் உயிர்பிழைக்கும் வாய்ப்பை முன்னறிவிக்கிறது என்பதை உறுதிப்படுத்தியது.

அப்கார் அத்தோடு நிற்கவில்லை. டன்கன் ஹொலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசன், அமிலம் ஆகியவற்றின் அளவுகளை ஆராய்ந்தார். தாய்க்குக் கொடுக்கப்படும் சைக்ளோபுரொப்பேன் என்ற மயக்கவாயு குழந்தையின் சுவாசத்தைத் தளரச் செய்வதாக அந்த ஆய்வில் தெரியவந்தது. அது அப்காருக்கு மிகவும் விருப்பமான வாயு. ஆயினும் உண்மை தெரிந்ததும் பிரசவத்தில் அதைப் பயன்படுத்துவதை அவர் கைவிட்டார். தன் சொந்தப் பழக்கத்துக்கு எதிராக வந்த முடிவையும் ஏற்றுக்கொண்ட அந்த நேர்மைதான் ஆராய்ச்சியாளருக்கு அழகு.

ஐம்பதாவது வயதில் மீண்டும் மாணவியாகி ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதன்பின் மார்ச் ஒஃப் டைம்ஸ் அமைப்பில் இணைந்து பிறவிக் குறைபாடுகள் பற்றிய விழிப்புணர்வுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார். வெளியே செல்லும்போதும் ஒரு சிறு கத்தியையும் சுவாசக் குழாயையும் உடன் வைத்திருப்பாராம். வழியில் யாராவது மூச்சுத் திணறினால் உதவுவதற்காக! 1974 ஆகஸ்ட் 7ஆம் திகதி, தான் பணிபுரிந்த அதே வைத்தியசாலையில் காலமானார். முத்திரை சேகரிப்பதில் ஆர்வம் கொண்டிருந்த அவருக்கு 1994இல் அமெரிக்கா ஒரு முத்திரை வெளியிட்டது.

அன்புச் சகோதரிகளே! உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வரும் நாளில் நம்மில் பலருடைய கனவு ஒரு தசம எண்ணில் நின்றுவிடுகிறது. விரும்பிய துறை கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழுகிறோம். அப்கார் விரும்பிய அறைக்குள் அவருக்கு நிலைக்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்த அறையில் யாரும் பார்க்காமல் விட்ட ஒன்றை அவர் பார்த்தார். அதற்காகக் கதவை மூடியவர்கள் செய்தது சரியென்று ஆகிவிடாது.

பெற்றோர்களே, பெண் பிள்ளைக்கு இவ்வளவு நீண்ட படிப்பு எதற்கு என்ற கேள்வி எழும்போது இந்த வைத்தியரைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் படித்ததன் பயன் இன்றும் பிரசவ அறைகளில், ஒவ்வொரு குழந்தையின் முதல் நிமிடத்திலும் கணக்கிடப்பட்டுக்கொண்டிருக்கிறது.