மண்ணெண்ணெய் வர்த்தகர் மார்க்கஸ் சாமுவேல்

பொந்தியான் கரையில் நின்று மேற்கே நோக்கினால், மலாக்கா நீரிணை வழியே எண்ணெய்க் கப்பல்கள் போய்வருவதைக் காணலாம். தஞ்சோங் பியாய் முனையைச் சுற்றிச் சிங்கப்பூர் செல்லும் பாதை இது. எண்ணெயைத் தகரத்தில் அடைக்காமல், கப்பலின் வயிற்றிலேயே ஊற்றி, சூயஸ் கால்வாய் மார்க்கமாக இப்பக்கம் முதன்முதலில் அனுப்பியவர் லண்டன் வர்த்தகர் மார்க்கஸ் சாமுவேல். ஷெல் கம்பெனியின் ஸ்தாபகர். அன்னாரும் நம்மைப் போல் ஒரு கடைக்காரரின் பிள்ளைதான் என்பதால் அவருடைய சரித்திரத்தை நம் வியாபார நண்பர்களுக்குச் சொல்ல விரும்பினோம்.

1853ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வொயிட்சாப்பல் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனாரின் பெயரும் மார்க்கஸ்தான். கிழக்கிலிருந்து வரும் மாலுமிகளிடம் கடற்சிப்பிகளை வாங்கி, அவற்றைச் சிறு பெட்டிகளில் ஒட்டி, கடற்கரை ஊர்களுக்கு உல்லாசமாக வருவோருக்கு விற்பது அவரது தொழிலில் ஒன்று. சிப்பிக்கு ஆங்கிலத்தில் ஷெல் என்று பெயர். பிற்காலத்தில் கோடிக்கணக்கில் புரண்ட கம்பெனிக்கு மகன் சூட்டியது அந்தச் சின்னக் கடையின் சரக்கின் பெயரைத்தான்.

தகப்பனார் 1870ல் காலமானார். வாலிபரான மார்க்கஸ் 1873ல் கப்பலேறி இலங்கை, நம் நீரிணைத் துறைமுகங்கள், சயாம், பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் என்று சுற்றி வந்தார். லண்டனில் உட்கார்ந்து கடிதம் எழுதினால் போதாதா என்று அவர் இருக்கவில்லை. அந்தந்தத் துறைமுகத்து வர்த்தகர்களை நேரில் கண்டு பழகினார். அந்தப் பழக்கமே பிற்காலத்தில் அவருக்கு முதலாயிற்று. தம்பி சாமுவேல் சாமுவேல் ஜப்பானில் யோக்கஹாமா நகரில் கடை நடத்தினார். அண்ணனும் தம்பியுமாய் நடத்திய குடும்ப வியாபாரம் இது. 1881ல் பேனி பெஞ்சமின் என்னும் மாதரசியை மணந்து, இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாக நான்கு மக்களைப் பெற்றார்.

அக்காலத்தில் மண்ணெண்ணெய் என்றால் அமெரிக்காவின் ராக்பெல்லர்தான். ஐந்து காலன் பிடிக்கும் தகரம் இரண்டை ஒரு மரப்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். தகரத்துக்கு விலை, பெட்டிக்கு விலை, இவை கப்பலில் அடைக்கும் இடத்துக்கும் கூலி. 1890ல் சாமுவேல் கருங்கடல் துறைமுகமான பாத்தூமுக்குப் போனார். பாக்கு வட்டாரத்து எண்ணெய் ரயிலில் வந்து இறங்கும் இடம் அது. எண்ணெயை அப்படியே ஊற்றிக்கொள்ளும் தொட்டிக் கப்பல்களை அங்கே கண்டார். சூயஸ் வழியாக இதைக் கிழக்கே கொண்டுபோனால் ராக்பெல்லரைவிடக் குறைந்த விலைக்கு விற்கலாமே என்று கணக்குப் போட்டார். 1891ல் ராத்சைல்ட் முதலாளிகளின் ருஷ்ய எண்ணெயைச் சூயஸுக்குக் கிழக்கே விற்க ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

ஆனால் தீப்பிடிக்கும் என்ற பயத்தால் அத்தகைய கப்பலைக் கால்வாய்க்காரர்கள் விடுவதில்லை. சாமுவேல் துரை மன்றாடவில்லை. எந்த அளவு பத்திரமாயிருந்தால் விடுவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்பப் புதிதாகக் கப்பல் கட்டச் செய்தார். 1892 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மியூரெக்ஸ் என்னும் கப்பல் 4,000 டன் மண்ணெண்ணெயுடன் கால்வாயைக் கடந்தது. மியூரெக்ஸ் என்பதும் ஒரு சிப்பியின் பெயரே. சிங்கப்பூரிலும் தீப்பயம் இருந்தது. நகரத்தில் எண்ணெய்த் தொட்டி கட்ட அரசாங்கம் இடங்கொடுக்கவில்லை. அதனால்தான் எதிரேயிருந்த புக்கோம் தீவு எண்ணெய்த் தீவாயிற்று. மேலும் எண்ணெய் இறக்கிய தொட்டிகளை நீராவியால் கழுவி, திரும்பும் வழியில் வேறு சரக்கை ஏற்றிப்போக ஏற்பாடு செய்தார். வெறுங்கப்பலாய்த் திரும்புவதில் உள்ள நஷ்டம் வியாபாரிக்குத்தானே தெரியும்!

இத்தனை கணக்கிலும் ஒரு பிசகு இருந்தது. நமக்கு மிகவும் ருசித்த இடம் இதுதான். எண்ணெய் மலிவு என்றால் ஜனங்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாங்கிப்போவார்கள் என்று நினைத்தார். சரக்கு நகரவில்லை. விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. ஜனங்களுக்கு எண்ணெயைப் போலவே தகரமும் வேண்டியிருந்தது! ராக்பெல்லரின் நீலத் தகரம் காலியானதும், கூரைக்குத் தகடாகவும், தண்ணீர் மொள்ளும் வாளியாகவும், விளக்காகவும், குவளையாகவும் மாறி வீட்டுக்கு வீடு உழைத்தது. மேலே குறுக்குக் கட்டை அடித்துத் தண்ணீர் சுமந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். லண்டனிலிருந்து பார்த்தால் தெரியாத இதை ஒரு கம்பத்துக் கடைப்பையனைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான். ஆனாலும் சாமுவேல் துரை தயங்கவில்லை. தகரத் தகடுகளை வரவழைத்து, கிழக்குத் துறைமுகங்களிலேயே தகரம் செய்து, பளிச்சென்ற சிவப்பு வர்ணம் பூசி எண்ணெய் நிரப்பி விற்றார். நெடுந்தூரம் கப்பலில் வந்து நெளிந்த நீலத் தகரத்தின் பக்கத்தில் இந்தப் புதுச் சிவப்புத் தகரம் பிரமாதமாக விலைபோயிற்று.

1893ல் வைத்தியர், இவருக்குப் புற்றுநோய், ஆறுமாதம் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டார். தமக்குப் பின் வியாபாரம் சிதறாதிருக்க, கிழக்கு நாட்டு வர்த்தகர்களைக் கூட்டுச் சேர்த்து, லாபத்தையும் நஷ்டத்தையும் பொதுவாக்கினார். ராக்பெல்லர் ஓர் ஊரில் விலையை வெட்டினால், அந்த ஊர் வர்த்தகர் மட்டும் சாகாமல் எல்லோருமாய்த் தாங்குவதற்கு இது உதவிற்று. வைத்தியர் வாக்குப் பொய்த்து, அன்னார் மேலும் 34 ஆண்டுகள் இருந்தார்! 1897ல் அந்தக் கூட்டிலிருந்து ஷெல் கம்பெனி பிறந்தது. போர்னியோவில் பாலிக்பாப்பான் பக்கம் சொந்த எண்ணெயும் தோண்டினார்கள். 1902ல் சூயஸைக் கடந்த எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு இவர் கூட்டத்தாருடையது.

அதே 1902ல் லண்டன் மாநகரின் லார்ட் மேயரானார். தம் மதத்தினரைக் கொடுமைப்படுத்திய ருமேனியா நாட்டின் பிரதிநிதியை மேயர் விருந்துக்கு அழைக்க மறுத்ததை நாம் மெச்சுகிறோம். ஆனால் ஊர்வலமும் விருந்துமாய் அவர் இருந்த காலத்தில் வியாபாரம் சரிந்தது. 1901ல் டெக்சாஸ் எண்ணெய்க்கு இருபதாண்டு ஒப்பந்தம் எழுதிக் கப்பல்களும் கட்டியிருந்தார். அடுத்த ஆண்டே அந்தக் கிணறுகள் வற்றத் தொடங்க, எண்ணெய்க்குக் கட்டிய கப்பலில் மாடுகளை ஏற்ற வேண்டியதாயிற்று. மறுபுறம் டச்சுக் கம்பெனியின் டெட்டர்டிங் இருந்தார். பினாங்கில் கணக்கு எழுதிப் பழகிய அவர் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்ப்பவர். 1907ல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்தபோது சாமுவேல் கேட்டது சரிபாதி. கிடைத்ததோ நூற்றுக்கு நாற்பது. அந்த அறுபது, நாற்பது கணக்கு 2005 வரை நீடித்தது.

முதலாவது உலக யுத்தத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய டாலுவாலைப் போர்னியோ எண்ணெயிலிருந்து எடுத்துக் கொடுத்து இவர் கம்பெனி உதவியது. 1917ல் இளைய மகன் ஜெரால்டு போர்க்களத்தில் மாண்டார். 1921ல் பிரபுப் பட்டமும், 1925ல் அதனினும் உயர்ந்த பட்டமும் வந்தன. மூத்த மகன் வால்ட்டர் கம்பெனித் தலைமையை ஏற்றார். 1927 ஜனவரியில் சாமுவேல் துரையும் மனைவியாரும், நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்திற்குப் பின், ஒரு நாள் இடைவெளிக்குள் இருவருமாகக் காலமானார்கள். புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையை ஷெல் கம்பெனி 2025ல் விற்றுவிட்டது.