மருந்து தந்த சுப்பாராவ்

யானைக்கால் நோய் காவிரிப் படுகைக்குப் பழைய பகை. நீடாமங்கலம் பக்கத்தில் அதற்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையைத் தெரியாதவர்கள் குறைவு. அது சென்னையில் படித்த ஒரு டாக்டரின் ஆராய்ச்சிக் குழு 1947-ல் தந்த மருந்து. அவர் பெயர் எல்லப்பிரகத சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்திப் படித்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

பிறகு அமெரிக்கா சென்றார். ஆஸ்பத்திரியில் கூலி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சித் தலைவரானார். அவர் மேற்பார்வையில் டக்கர் என்ற முதிய விஞ்ஞானி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டார். 1948 ஜூலையில் அது வெளியாயிற்று. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53 தான்.

பட்டா யாருக்கு?

அவர் போன பிறகு தகராறு வந்தது. ஆரியோமைசினிலிருந்து கிளைத்தது டெட்ராசைக்ளின். அதற்குக் காப்புரிமை கேட்டு ஃபைசர் கம்பெனி 1952-ல் மனுச் செய்தது. லெடர்லியின் தாய்க் கம்பெனியான சயனமிட் 1953-ல் மனுச் செய்தது. காப்புரிமை என்பது நிலப் பட்டா மாதிரி. பட்டாதாரர் சம்மதமின்றி வேறு யாரும் அந்த மருந்தைச் செய்யக் கூடாது.

பெரிய சண்டை மூண்டிருக்க வேண்டும். மூளவில்லை! 1954-ல் சமாதானம் ஆயிற்று. சயனமிட் விட்டுக்கொடுத்தது, பதிலுக்கு, செய்து விற்கும் அனுமதியைப் பெற்றது.

காரணம் உண்டு. பழைய மருந்தைத் தயாரிக்கும்போதே புதியதும் சிறிது உண்டாகிறது என்ற வாதம் எழக்கூடிய நிலை இருந்தது. அது நிரூபணமானால் பட்டாவே செல்லாது. வரப்புத் தகராறு முற்றி, நிலமே புறம்போக்கு என்று ஆனால் இருவருக்கும் நஷ்டம் அல்லவா?

அனுமதியின்றி விற்ற பிரிஸ்டல் கம்பெனி மீது ஃபைசர் வழக்குப் போட்டது. பட்டாவே செல்லாது என்று பிரிஸ்டல் எதிர்வாதம் செய்தது. 1955-ல் அதுவும் சமாதானம். பிறகு ஐந்து கம்பெனிகளும் ஒரே விலையில் விற்றன. அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. குற்ற வழக்கிலிருந்து கம்பெனிகள் 1973-ல் விடுதலையாயின.

இந்தியாவிலோ அப்போது 1911-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரச் சட்டம். மருந்து விலை ஏழைக்கு எட்டவில்லை. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அறிக்கை தந்தார். அதை ஒட்டி 1970-ல் புதுச் சட்டம் வந்தது: மருந்துக்குப் பட்டா இல்லை, செய்யும் முறைக்கு மட்டுமே. 2005-ல் மருந்துக்கே காப்புரிமை திரும்பி வந்தது. அதற்குள் டெட்ராசைக்ளினின் பட்டா காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.