தொரப்பள்ளி தந்த இராஜாஜி

நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜாஜி. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்றவர், 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானதை யாவரும் அறிவோம். நாம் இங்கு நினைப்பது வேறொன்று.

1953-இல் முதலமைச்சராயிருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கத் திட்டமிட்டார். இருவேளைப் பள்ளியானால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாமென்பது அவர் கணக்கு. கைத்தொழில்வழிக் கல்வி காந்தியடிகள் காட்டியதுதான். ஆனால் வார்தா முறையில் இராட்டை வகுப்புக்கே பொது. இங்கோ குயவர் பிள்ளைக்குச் சக்கரம், சலவைத் தொழிலாளி பிள்ளைக்கு வெள்ளாவி! பெண்களாகிய நமக்கு அடுப்படிதானே? குலக்கல்வியென்று பெரியார் எதிர்த்தார். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இராஜாஜி மறைந்தது 1972-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று.