வலையறுத்த வாழ்வு: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

தமிழில் பெண்ணெழுத்தைப் பற்றிப் பேசுவோர் ஔவையிலும் ஆண்டாளிலும் தொடங்கி, ஒரே தாவலில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்து விடுகின்றனர். இடையே 1936இல் வெளிவந்த ஒரு நாவல் அவர்தம் கண்ணில் படுவதில்லை. 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் அந்நூலை இயற்றியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஒருகாலத்தில் விலைபேசப்பட்ட பெண் அவர்.

அம்மையார் 1883இல் பிறந்தார். இசை வேளாளர் மரபினர். வளர்ந்தது மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில். குடும்பம் வறுமையுற்ற காலத்தில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்குமாகச் சிறுமி ஒரு தாசி வீட்டில் விடப்பட்டாள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்வீட்டில் ஆடலும் பாடலும் கற்பிக்கப்பட்டன. கலையின் பெயரால் அளிக்கப்பட்ட அக்கல்வி எதற்கான முன்னேற்பாடு என்பது பருவமெய்தியபோது தெளிவாயிற்று. தம்மினும் பன்மடங்கு மூத்த ஒருவருக்குத் தம்மை உரியவளாக்க முனைந்ததை அவர் மறுத்தார். தமக்கு இசை பயிற்றிய சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்படும் பெண்ணுக்கு இல்லறம் விலக்கப்பட்ட காலம் அது. ஆகவே அம்மணமே அவருடைய முதற் கிளர்ச்சி எனலாம்.

தாம் தப்பியதோடு அமைதி கொள்ளாமல், வீடு வீடாகச் சென்று, பெண்மக்களைப் பொட்டுக் கட்டாதீர் என வாதாடினார். அதற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மேடையில் பேசுகையில் அவரது கூந்தலை எவரோ அறுத்தெறிந்தனர் என்றொரு செய்தி வழங்குகிறது. கதருடுத்திக் காங்கிரசில் உழைத்தவர், 1925இல் பெரியார் அவ்வியக்கத்தினின்று வெளியேறியபின் தாமும் விலகிச் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தபோது முழுமூச்சாக அதனை ஆதரித்தார். சட்டம் அன்று நிறைவேறவில்லை.

இங்கே நம் எல்லைப்புறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கெலமங்கலம் அந்நாளில் சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. சில காதங்களுக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம் 1909இலேயே கோயில்களில் தாசியர் ஊழியத்தை நிறுத்தியிருந்தது. சென்னை மாகாணமோ 1947 வரை காத்திருந்தது. அதே மைசூரை உள்ளடக்கிய கருநாடகம் பொட்டுக் கட்டுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கத் தனிச்சட்டம் இயற்றியது 1982இல்தான். ஊழியத்தை நிறுத்துவது வேறு, வழக்கத்தை வேரறுப்பது வேறு என்பதை அம்மையார் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

அவ்வறிவே நாவலாயிற்று. செல்வந்தர் மைந்தன் தாசிகளின் சூழ்ச்சியிற் சிக்கிப் பொருளிழத்தல், அவன் மனைவியின் துயர், தொழிலைத் துறந்த தாசிப்பெண்களின் எழுச்சி என்று கதை செல்கிறது. கலையழகை மட்டும் தேடுவோர் ஏமாறுவர். பாத்திரங்கள் பல இடங்களில் மேடைப்பேச்சையே பேசுகின்றன. பழியின் பெரும்பங்கைத் தாசிகள் மேலும், அவர்களை வளர்க்கும் தாய்க்கிழவிகள் மேலும் சுமத்துகிறார் என்ற குறையும் பிற்கால ஆய்வாளரால் சொல்லப்பட்டது. அது நேர்மையான குறையே. அதே காலத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைவாணர், ஒழிப்புச் சட்டம் தம் கலையையும் உடைமையையும் பறிக்கும் என்று எதிர்த்தனர், அவ்வச்சமும் வெற்றச்சமன்று. எனினும், உள்ளிருந்து வெளிவந்த ஒருத்தி அவ்வீட்டுக் கணக்கையும் தந்திரத்தையும் அச்சிலேற்றியது அன்றைய தமிழுலகிற்குப் புதிது. வெளியிலிருந்து இரங்கியவர் எவரும் அவ்வாறு எழுதியிருக்க முடியாது.

இத்தகைய எழுத்துக்கு உலகில் உறவுகள் உண்டு. அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற ஹெய்ட்டி நாட்டில், 1934இல் பெண்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அந்நாட்டின் எழுத்தாளர் மரி வியு ஷொவே, 1968இல் வெளியிட்ட நூலில், நிறத்தாலும் ஆணாதிக்கத்தாலும் கொடுங்கோலாலும் நெரிபடும் பெண்களைக் காட்டினார். துவாலியே ஆட்சிக்கு அஞ்சிய குடும்பத்தார் அந்நூற்படிகளையே விலைக்கு வாங்கி மறைத்தனர். அவர் நாடு நீங்கி நியூயார்க்கில் 1973இல் மறைந்தார். சொந்த வீட்டின் இருளைச் சொல்லும் பெண்ணை முதலில் அஞ்சுவது சொந்த வீடே என்பது ஹெய்ட்டிக்கும் மூவலூருக்கும் பொது.

1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில், ஏறத்தாழ நூறு ஆடவருக்கிடையே அம்மையாரும் நடந்தார். வயது ஐம்பத்தைந்து. அவ்வாண்டு நவம்பரில் டாக்டர் தருமாம்பாள், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோருடன் மறியல் செய்து ஆறுவாரச் சிறைத்தண்டனை ஏற்றார். 1945இல் 'திராவிட நாடு' இதழில் 'தமயந்தி' என்னும் கதையைத் தொடராக எழுதினார். 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்க இயலாமல் பிரிந்து தி.மு.க. பக்கம் நின்றார். தலைவர் எவராயினும் தமக்குத் தவறெனப்பட்டதைத் தவறென்றே கொள்வது அவரியல்பு.

1947இல் சட்டம் நிறைவேறியதைக் கண்ணாற் கண்டபின் பதினைந்தாண்டுகள் வாழ்ந்து, 1962 ஜூன் 27 அன்று மறைந்தார். தமிழக அரசு 1989இல் ஏழைப்பெண்களின் திருமண உதவித் திட்டத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கலாயிற்று. அவ்வுதவி பெறும் மாணவியருள் அவரது நாவலைப் படித்தவர் சிலரே இருக்கக்கூடும். கல்பனா கண்ணபிரானும் வசந்தா கண்ணபிரானும் 2003இல் அதனை ஆங்கிலத்திற் கொணர்ந்துள்ளனர்.