நடுங்காத கை

ஒரு திருகாணியைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதன் புரிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் அமைந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அப்படியில்லை. ஒரு திருகாணிக்குச் செய்த மரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. இந்நிலை மாற வழிவகுத்தவர்களுள் ஒருவர் ஹென்றி மாட்ஸ்லே.

இவர் 1771இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் பிறந்தார். 12 வயதில் அங்கிருந்த படைக்கலச் சாலையில் தோட்டாக்களில் மருந்து நிரப்பும் வேலையில் சேர்ந்தார். பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார். மனமோ இரும்பு வேலையையே நாடியது. 15 வயதில் கொல்லுப் பட்டறைக்குச் சென்றார். அவருடைய கைத்திறனைக் கேள்விப்பட்ட பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிராமா, 18 வயதே ஆன அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். மாட்ஸ்லே பட்டறையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். ஆனால், வாரம் 30 ஷில்லிங் ஊதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. 1797இல் வெளியேறி, லண்டனில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அக்காலக் கடைசல் இயந்திரத்தில், சுழலும் உலோகத்தின்மீது தொழிலாளி உளியைக் கையால் அழுத்திப் பிடிப்பார். கை தளர்ந்தால் வெட்டும் கோணிவிடும். இயந்திரச் சட்டங்களும் பெரும்பாலும் மரத்தாலானவை. மரத்தைக் கடைய அவை போதும்; இரும்பைக் கடையும்போது அதிரும். மாட்ஸ்லே சட்டத்தை உலோகத்தால் அமைத்தார். உளியை ஒரு பிடிப்பானில் இறுக்கினார். நீண்ட திருகாணி ஒன்று அதனைச் சீராக நகர்த்தியது. பல்சக்கரங்களை மாற்றினால், வெட்டப்படும் புரியின் இடைவெளியும் மாறும். இவற்றைத் தனித்தனியே பிறரும் முயன்றிருந்தனர். உறுதியான ஒரே இயந்திரத்தில் ஒன்றுசேர்த்ததே அவருடைய சாதனை.

ஆனால், துல்லியமான திருகாணியை வெட்டும் இயந்திரத்துக்கே ஒரு துல்லியமான திருகாணி வேண்டுமே! அது எங்கிருந்து வரும்? மென்மையான உருளையைச் சுழலவிட்டு, அதன்மீது ஒரு கத்தியைச் சாய்வாக அழுத்தினார். கத்தி சுருள்வழியே நகர்ந்து புரியைக் கீறியது. அதிலிருந்த பிழைகளைப் பொறுமையாகத் திருத்தினார்.

போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்காக, மார்க் புரூனெல் திட்டமிட்ட கப்பி செய்யும் இயந்திரங்களையும் இவரே உருவாக்கினார். 110 பேர் செய்த வேலையை அங்கு 10 பேர் செய்தனர். மற்ற 100 பேரின் பிழைப்பு என்னவாயிற்று என்பதும் எண்ணிப்பார்க்க வேண்டியதே.

தம் பட்டறையில் மாட்ஸ்லே ஒரு நுண்ணளவி வைத்திருந்தார். அளவில் ஐயம் எழுந்தால் அது காட்டுவதே முடிவு. ஆகவே, நாட்டின் உயர் நீதிப் பதவியான 'லார்டு சான்சலர்' என்பதையே அதற்குப் பெயராக வைத்தார். ஜோசப் விட்வொர்த், ஜேம்ஸ் நாஸ்மித் முதலியோர் அங்கே தொழில் பழகிப் பின்னாளில் புகழ்பெற்றனர்.

மாட்ஸ்லே 1831இல் காலமானார். பிறந்த ஊரான வுல்விச்சில், தாமே வடிவமைத்த வார்ப்பிரும்பு நினைவுச் சின்னத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.