ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார்

ஈயம் என்றவுடன் அடுக்களையில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் பூச்சும் நம் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். இங்கு நாம் பேசப்போவது அதனின் வேறான காரீயத்தைப் பற்றியாகும். கனமும் மென்மையும் ஒருங்கே உடைய இவ்வுலோகம் வண்ணப்பூச்சு, மின்கலம், அச்செழுத்து, மண்கலங்களின் மெருகு எனப் பல தொழில்களுக்குப் பயன்பட்டது. அதனோடு பழகியவர்களையோ அது மெல்ல மெல்ல அழித்தது. பொறுக்கவொண்ணாத வயிற்றுவலி, வெளிறிய முகம், ஈறுகளில் கருநீலக் கோடு, தூக்க முடியாமல் தொங்கும் மணிக்கட்டு ஆகியவை அந்நஞ்சின் அடையாளங்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கொடுமையை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர்.

அம்மையார் 1869-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் போர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தார். கிரேக்க உரோமானியப் பண்பாட்டைப் பற்றிய நூல்களால் புகழ்பெற்ற ஈடித் ஹாமில்டன் இவருடைய தமக்கையார். ஆலிஸ் 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனி சென்று லைப்சிக், மியூனிக் நகரங்களில் பயின்றபோது, ஆண் மாணவர்களின் கண்ணில் படாதவாறு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வகுப்பில் இடம் கிடைத்தது!

1897-இல் நோய்க்குறியியல் ஆசிரியராகச் சிகாகோ நகருக்கு வந்தவர், ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் ஹவுஸ் என்னும் தொண்டு இல்லத்தில் குடிபுகுந்தார். சுற்றிலும் போலந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகளின் குடியிருப்புகள். நல்ல உடற்கட்டோடு ஆலைக்குள் சென்றவர்கள் சில திங்களிலேயே நடைப்பிணமாக வெளிவருவதை அம்மையார் கண்டார். ஐரோப்பிய நாடுகளில் தொழில்நோய்களைத் தடுக்கச் சட்டங்கள் இருந்தன. அமெரிக்காவிலோ கணக்கே இல்லை. தங்கள் ஆலைகள் தூய்மையானவை என்றும், நோய்க்குக் காரணம் கைகழுவாமல் உண்ணும் தொழிலாளரே என்றும் முதலாளிகள் கூறிவந்தனர்.

1910-இல் இல்லினாய்ஸ் மாநில அரசு தொழில்நோய்களை ஆராய முற்பட்டபோது, அப்பணியை நடத்தும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. ஆலைக்குள் நுழையும் அதிகாரம் எதுவும் சட்டத்தால் அவருக்குத் தரப்படவில்லை. முதலாளியின் இசைவைப் பெற்றே உள்ளே செல்ல வேண்டும். எனவே அவர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார்; மருந்துக் கடைக்காரரையும் தொழிற்சங்கத் தலைவரையும் கண்டு பேசினார்; தொழிலாளரின் இல்லங்களுக்கு நடந்தார்.

இல்லங்களுக்குச் சென்றதன் பயன் ஒரு நிகழ்ச்சியால் விளங்கும். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் போலந்துத் தொழிலாளி ஒருவர் இரு மணிக்கட்டுகளும் தொய்ந்து மருத்துவமனையில் கிடந்தார். அம்மையார் அவர் வேலை செய்த ஆலைக்குச் சென்றார். அங்கே பூச்சில் ஈயமே இல்லை என்றனர். காட்டிய இடத்திலும் தூசி காணப்படவில்லை. குழப்பத்தோடு திரும்பியவர் அத்தொழிலாளியின் வீட்டை நாடிச் சென்று வினவினார். எனாமல் பூசும் வேலை நகரின் வேறொரு பகுதியிலுள்ள ஆலையில் நடைபெறுகிறது என்ற உண்மை அப்போதுதான் தெரிந்தது. அங்கே செந்தணலாய்க் காய்ந்த தொட்டிகளின் மீது ஆட்கள் எனாமல் தூளைத் தூவிக்கொண்டிருந்தனர். அத்தூள் மூச்சோடு கலந்து உட்புகுந்தது. அதை எடுத்துச் சோதித்தபோது நூற்றுக்கு 20 பங்கு வரை கரையும் ஈயம் இருந்தது. கழுவாத கையைவிடக் காற்றில் மிதக்கும் தூசியும் புகையுமே பெரும்பகை என்பதை அவர் இவ்வாறு ஆலை ஆலையாகச் சென்று தெளிந்தார். 70-க்கு மேற்பட்ட தொழில்முறைகளில் ஈயம் பயன்படுவதும், 578 பேர் நஞ்சேறியதும் அவ்வாய்வில் வெளிப்பட்டன. 1911-இல் இல்லினாய்ஸ் சட்டம் இயற்றியது. ஈயம் போன்ற நஞ்சுகளைக் கையாளுவோரை மாதந்தோறும் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

நேஷனல் லெட் என்னும் பெரிய ஈய நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்தவர் எட்வர்டு கார்னிஷ். தம் ஆட்களுக்கு நோயில்லை என்று அவர் உறுதியாக நம்பினார்; இருந்தால் மருத்துவச் சான்றோடு காட்டுமாறு கேட்டார். அம்மையார் 22 பேருடைய சான்றுகளைக் கொண்டுவந்து வைத்தார். கார்னிஷ் சொன்ன சொல் தவறவில்லை; தூசியையும் புகையையும் அடக்கக் கருவிகள் அமைத்தார்; தொழிலாளரைச் சோதிக்க மருத்துவரை அமர்த்தினார். அறியாமையும் கொடுமையும் ஒன்றல்ல என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். அதனாலேயே எவரையும் பகைக்காமல் சான்றுகளைக் காட்டி வென்றார்.

குருதியிலுள்ள ஈயத்தை நேரே அளக்கும் முறை அந்நாளில் மருத்துவருக்கு எளிதாகக் கிட்டவில்லை. ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பர். புள்ளிகள் தோன்றுவது நஞ்சு வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு அறிகுறி. உடலுள் புகுந்த ஈயம் எலும்பில் தங்கிப் பல்லாண்டு கிடக்கும் என்பதையும் 1920-களில் ஹார்வர்டு அறிஞர்கள் கண்டறிந்தனர். நஞ்சு தொழிலாளியோடு நிற்பதில்லை. அவருடைய ஆடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குள் வந்து, அவர் வாரியெடுக்கும் குழந்தையையும் சேர்கிறது.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அம்மையாரைத் துணைப் பேராசிரியராக ஏற்றது. அப்பல்கலைக்கழகத்தின் முதற்பெண் ஆசிரியர் அவரே. ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்தாட்டச் சீட்டுக் கேட்கக்கூடாது என்று மூன்று தடைகளும் உடன் வந்தன! 1935-இல் ஓய்வுபெறும்வரை அவருக்குப் பதவி உயர்வு அளிக்கப்படவேயில்லை.

அம்மையார் தோற்ற வழக்கும் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலப்பதை ஆராய 1925-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், ஊர்திப் புகையின் வழியே ஈயம் தெருவெங்கும் பரவும் என்று அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை. அமெரிக்கச் சாலைகளில் அந்த எரிபொருள் முற்றிலும் ஒழிய 1996 வரை ஆயிற்று. இந்தியாவில் அது 2000-இல் கைவிடப்பட்டது. கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

ஆலிஸ் ஹாமில்டன் 1970 செப்டம்பர் 22-இல், தம் 101-ஆம் வயதில் மறைந்தார். மூன்று திங்களுக்குப் பின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அந்நாடு முழுமைக்கும் வந்தது. அதன்கீழ் 1978-இல் வகுத்த விதிகள், ஈயம் மிகுந்த ஆலைகளில் முதலாளியே தம் செலவில் தொழிலாளரின் குருதியைச் சோதிக்க வேண்டும் என்றும், ஈயம் மிகுந்தவரை ஊதியம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்றும் பணித்தன. அழுக்கு ஆடையை ஆலையிலேயே களைந்து, குளித்துவிட்டு வீடு செல்ல இடம் அமைப்பதும் கடமையாயிற்று. குழந்தைகளுக்கும் சோதனை பரவியது. 1960-களில், 100 மில்லிலிட்டர் குருதியில் 60 மைக்ரோகிராம் ஈயம் கண்டபோதுதான் அமெரிக்க மருத்துவர்கள் கவலைகொண்டனர். கவனிக்கத்தக்க அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2021-இல் 3.5 மைக்ரோகிராமாக வரையறுக்கப்பட்டது.